மனிதனின் விருப்பமும் இறைவனின் அருளும்: கிறிஸ்தவ உலகில் நடந்த ஒரு நெடிய வழக்கு

ஈமானுடைய பர்ளுகள் ஆறினையும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர் எவரும் ஆறாவதனை அடைந்ததும் சற்றே தயங்குவார். நன்மையும் தீமையும் இறைவனின் ஏற்பாட்டின்படியே நிகழ்கின்றன என்று ஓதிக்கொடுத்த மறுகணமே பின்வரிசையிலிருந்து ஒரு கை உயரும். "அப்படியானால் நான் நேற்றுப் பாடம் படிக்காமல் வந்ததும் அவன் ஏற்பாடுதானே, ஹஜ்ரத்? என்னை ஏன் தண்டித்தீர்கள்?" முப்பது ஆண்டுகளாக இக்கேள்வியைக் கேட்டு வருகிறேன். கேட்கும் முகம் மாறுகிறது, கேள்வி மாறவில்லை.

இக்கேள்வி நம் மதரஸாவின் பின்வரிசையில் பிறந்ததன்று. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர், இன்று தூனிசியா நாட்டில் சூஸா என்று வழங்கும் கடற்கரை ஊரில் ஒரு கிறிஸ்தவத் துறவி மடத்தில் இதே கேள்வி எழுந்தது; அந்த மடமே இரண்டாகப் பிளந்தது. மனிதனுக்குத் தன் செயலைத் தானே தேர்ந்து கொள்ளும் ஆற்றல் உண்டா? உண்டெனில் அதன் எல்லை எது? கிறிஸ்தவ உலகம் இவ்வினாவிற்கு விடை தேடிய வரலாற்றையே இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண விழைகிறேன்.

இதனை எழுதுவதற்கு எனக்கு ஒரு கடமையும் உண்டு. இளமையில் மேடைகளில் பேசிய நாட்களில், கிறிஸ்தவம் மனிதனைப் பாவத்தில் பிறந்தவன் என்று கூறி அவன் கைகளைக் கட்டிப் போட்டுவிட்டது என்றும், அவர்களிடம் மனித முயற்சிக்கு இடமே இல்லை என்றும் ஒரே மூச்சில் சொல்லிச் சென்றிருக்கிறேன். அவையோர் மகிழ்ந்தனர். பின்னர் நூல்களைப் படித்தபோதுதான், நான் ஒரு பெரிய சமயத்தின் ஒரு பிரிவினுடைய ஒரு காலத்துக் கருத்தை, அதுவும் பாதியாக எடுத்துச் சொன்னேன் என்பது விளங்கிற்று. பிறர் கொள்கையை மறுப்பதற்கு நமக்கு உரிமை உண்டு. அதனைத் திரித்துக் கூற உரிமை இல்லை. ஆகவே இது நான் திருப்பிச் செலுத்தும் ஒரு கடன் என்று கொள்க.

பூனா நகரத்து ஆயர்

அரபு நில நூலார் பூனா என்று குறித்த நகரம் ஒன்று உண்டு. இன்று அல்ஜீரியாவில் அன்னாபா எனப்படுவது அதுவே. உரோமர் காலத்தில் அதன் பெயர் ஹிப்போ. அங்கு முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குமேல் ஆயராக வீற்றிருந்தவர் அகுஸ்தீன். அவர் பிறந்தது 354-ஆம் ஆண்டில், தகாஸ்தே என்னும் சிற்றூரில். இன்றைய சூக் அஹ்ராஸ் நகரமே அவ்வூர். தாய் மோனிக்கா கிறிஸ்தவப் பெண்மணி. தந்தை பத்ரீசியுஸ் உரோமரின் பழைய தெய்வங்களை வழிபட்டு வந்தவர். ஆப்பிரிக்க மண்ணில் பிறந்து, லத்தீன் மொழியில் எழுதி, மேற்குக் கிறிஸ்தவ உலகம் முழுவதற்கும் ஆசானாக விளங்கியவர் இவர்.

அகுஸ்தீனின் கொள்கையை அறிய வேண்டுமாயின் அவருடைய வாழ்வை முதலில் அறிய வேண்டும். பதினாறு வயதில் தோழர்களுடன் சேர்ந்து அயலாரின் பேரிக்காய் மரத்திலிருந்து காய்களைத் திருடியதை, நடுவயதில் எழுதிய தம் வரலாற்று நூலில் அவர் விரிவாக ஆராய்கிறார். பசியினால் திருடவில்லை. வீட்டில் அதனினும் நல்ல பழம் இருந்தது. பறித்தவற்றின் பெரும்பகுதியைப் பன்றிகளுக்கே எறிந்தனர். எனில் ஏன் திருடினோம்? தீமை என்பதற்காகவே தீமையை விரும்பினோமே, இந்த விருப்பம் எங்கிருந்து வந்தது? ஒரு சிறு திருட்டை வைத்துக்கொண்டு மனித உள்ளத்தின் அடியாழம் வரை அவர் தோண்டிச் செல்கிறார்.

பின்னர் ஒன்பது ஆண்டுகள் மானீ என்பவரின் சமயத்தில் இருந்தார். ஒளிக்கும் இருளுக்கும் இரு வேறு மூலங்கள் உண்டென்று கூறும் சமயம் அது. நம் முன்னோர் நூல்களில் மானவிய்யா என்று குறிக்கப்படுவது. தீமை செய்வது நான் அல்லன், என்னுள் இருக்கும் இருள் என்று சொல்ல அது வசதி செய்து கொடுத்தது. அச்சமயத்தை விட்டு வெளியேறிய பின்னரும் இச்சையின் பிடியிலிருந்து அவரால் வெளியேற இயலவில்லை. நேர்மையான வாழ்வு வேண்டுமென்று மனம் விரும்பியது. அதே மனம் இன்னும் சிறிது காலம் போகட்டும் என்றும் தவணை கேட்டது. 386-இல் மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் கண்ணீர் வடித்த நிலையில்தான் அவருக்கு மனமாற்றம் கிட்டியது. 387-இல் ஞானஸ்நானம் பெற்றார். 391-இல் ஹிப்போவில் குருவானார். சில ஆண்டுகளில் ஆயரானார்.

தொடக்கத்தில் அகுஸ்தீன் மனித விருப்பத்தின் பக்கமே நின்றார். மானீயின் சீடர்களை மறுத்து, தீமைக்கு மூலம் இருள் என்னும் வேறொரு பொருளன்று, மனிதன் தன் விருப்பத்தைத் தவறாகப் பயன்படுத்துவதே என்று தனி நூல் யாத்தார். ஆனால் 396-ஐ ஒட்டி, மிலான் நகரின் சிம்ப்ளீசியானுஸ் கேட்ட வினாக்களுக்கு விடை எழுதுங்கால் அவர் கருத்து மாறிற்று. நன்மையை விரும்பும் அந்த முதல் விருப்பமே இறைவனின் அருளால்தான் உண்டாகிறது என்னும் முடிவுக்கு வந்தார். மனித விருப்பத்திற்காக வாதாட முயன்றதாகவும், கடைசியில் அருளே வெற்றி கொண்டதாகவும் முதுமையில் தம் நூல்களைத் தாமே மறு ஆய்வு செய்தபோது அவர் குறிப்பிட்டிருக்கிறார்.

பிரிட்டனிலிருந்து வந்தவர்

அதே காலத்தில் உரோமாபுரியில் ஒழுக்கம் போதித்து வந்த ஒருவர் இருந்தார். பிரிட்டன் தீவிலிருந்து வந்த அவர் பெயர் பெலாஜியுஸ். குருப்பட்டம் பெறாதவர், எளிய வாழ்வினர், உரோமாபுரியின் உயர்குடியினர் பலர் அவரை நாடி அறிவுரை கேட்டனர். கிறிஸ்தவம் அரசாங்கச் சமயமாகிவிட்ட காலம் அது. பெயருக்குக் கிறிஸ்தவராகி, பழைய வாழ்வையே வாழ்ந்து வந்த செல்வர் கூட்டம் பெருகியிருந்தது. கேட்டால், நாங்கள் பலவீனர், எங்களால் என்ன இயலும் என்பது அவர்கள் மறுமொழி.

இந்தச் சோம்பலையே பெலாஜியுஸ் எதிர்த்தார். இறைவன் இயலாத ஒன்றைக் கட்டளையிடுவானா? கட்டளை உண்டெனில் அதனை நிறைவேற்றும் ஆற்றலும் மனிதனுக்கு உண்டு என்பதே அவர் வாதம். ஒவ்வொரு செயலையும் அவர் மூன்றாகப் பகுத்தார்: செய்யக்கூடிய ஆற்றல், செய்ய விரும்புதல், செய்து முடித்தல். முதலாவது இறைவன் வழங்கியது. மற்ற இரண்டும் மனிதனுக்கு உரியவை. ஆதமுடைய தவறு அவர் மக்களுக்குத் தீய முன்மாதிரியாக அமைந்ததேயன்றி, இரத்தத்தில் கலந்து இறங்கவில்லை என்றும் அவர் தரப்பினர் கூறினர்.

நன்மை செய்யும் வல்லமையையும் இறைவனே தரவேண்டும் என்று இறைஞ்சும் அகுஸ்தீனுடைய பிரார்த்தனை ஒன்றை ஓர் ஆயர் எடுத்துக் கூறியபோது, பெலாஜியுஸ் பொறுக்கமாட்டாமல் வெகுண்டார் என்று அகுஸ்தீனே எழுதியிருக்கிறார். அந்தப் பிரார்த்தனையில் ஒருவர் பணிவைக் கண்டார். மற்றவர் பொறுப்பைத் தட்டிக் கழித்தலைக் கண்டார். இருவரும் இறையச்சம் உடையவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது. ஒழுக்கக் கேடனுக்கும் உத்தமனுக்கும் நடந்த சண்டையன்று இது.

வழக்கு நடந்த விதம்

410-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அலாரிக் என்பவனின் தலைமையில் கோத்தியர் உரோமாபுரியைச் சூறையாடினர். அகதிகள் கடல் கடந்து ஆப்பிரிக்கா நோக்கி ஓடினர். அவர்களுள் பெலாஜியுஸும் அவருடைய சீடர் செலஸ்தியுஸும் இருந்தனர். ஹிப்போ துறைமுகத்தில் பெலாஜியுஸ் இறங்கியபோது அகுஸ்தீன் ஊரில் இல்லை. பின்னர் கார்த்தேஜ் நகரில் ஓரிரு முறை அவரைப் பார்த்ததோடு சரி. இருவரும் அமர்ந்து உரையாடவே இல்லை. கிறிஸ்தவ வரலாற்றின் மிகப் பெரிய கருத்துப் போர் ஒன்று, முகம் கொடுத்துப் பேசாத இருவரிடையே கடிதங்களாலும் நூல்களாலுமே நடந்தது.

பெலாஜியுஸ் பலஸ்தீனம் சென்றார். செலஸ்தியுஸ் கார்த்தேஜில் தங்கிக் குருப்பட்டம் கோரினார், அங்குதான் அவர்மீது முதல் குற்றச்சாட்டு எழுந்தது, அவர் விலக்கப்பட்டார். 415 டிசம்பரில் பலஸ்தீனத்தின் லுத் நகரில் பதினான்கு ஆயர்கள் கூடி பெலாஜியுஸை விசாரித்தனர். தஜ்ஜாலைப் பற்றிய ஹதீதுகளில் 'பாபு லுத்' என்று நாம் படிக்கும் அதே லுத்துதான் இது. பெலாஜியுஸ் கூறிய விளக்கத்தை ஏற்று, அவர்மீது குற்றமில்லை என்று அவர்கள் தீர்ப்பளித்தனர். கிரேக்க மொழி பேசும் கீழ்த்திசை ஆயர்களுக்கு மனித விருப்பத்தை வலியுறுத்துவது புதுமையாகவோ பிழையாகவோ தோன்றவில்லை.

ஆப்பிரிக்க ஆயர்கள் விடவில்லை. 416-இல் இரு சங்கங்கள் கூட்டி உரோமாபுரிக்கு எழுதினர். பாப்பரசர் முதலாம் இன்னொசென்ட் அவர்களுடன் உடன்பட்டார். சில வாரங்களில் இறந்தார். அடுத்து வந்த சோசிமுஸ் இருவரையும் பற்றி முதலில் நல்லெண்ணம் கொண்டார். இந்நிலையில் 418 ஏப்ரல் 30-ஆம் நாள், ரவென்னா நகரில் இருந்த பேரரசர் ஹொனோரியுஸ் ஓர் ஆணை பிறப்பித்தார்: பெலாஜியுஸும் செலஸ்தியுஸும் உரோமாபுரியிலிருந்து வெளியேற்றப்பட வேண்டும், அவர்கள் கொள்கையைப் பேசுவோர் நாடு கடத்தப்பட வேண்டும். மறுநாள் மே 1-ஆம் தேதி கார்த்தேஜில் இருநூற்றுக்கு மேற்பட்ட ஆயர்கள் கூடி அக்கொள்கையைக் கண்டித்தனர். பாப்பரசரும் அவ்வழியே வந்தார். கையொப்பமிட மறுத்த பதினெட்டு இத்தாலிய ஆயர்கள் பதவி இழந்தனர். பெலாஜியுஸ் அதன்பின் வரலாற்றிலிருந்து மறைந்து போகிறார். 431-இல் எபேசு நகரில் கூடிய பொதுச் சங்கம் செலஸ்தியுஸின் கருத்துகளையும் விலக்கிற்று.

மனிதனுக்கு விருப்பச் சுதந்திரம் உண்டா என்ற வினாவிற்கு ஓர் அரசனின் ஆணை விடை கூறியது. இது சிந்திக்கத்தக்கது.

அகுஸ்தீன் உண்மையில் கூறியது என்ன?

இவ்விடத்தில்தான் நான் இளமையில் தவறினேன். மனிதனுக்கு விருப்பமே இல்லை என்று அகுஸ்தீன் கூறவில்லை. விருப்பம் உண்டு, அது நோயுற்றிருக்கிறது என்பதே அவர் கூற்று. ஆதம் படைக்கப்பட்டபோது பாவம் செய்யாதிருக்க வல்லவராக இருந்தார். வீழ்ச்சிக்குப் பின்னர் மனிதன் பாவம் செய்யாதிருக்க வல்லவனாக இல்லை. மறுமையில் நல்லோர் பாவம் செய்யவே இயலாத நிலையை அடைவர். அதுவே முழு விடுதலை. அவர் அகராதியில் சுதந்திரம் என்பது நன்மை தீமை இரண்டினுள் எதையும் எடுத்துக்கொள்ளும் வசதியன்று. நன்மையைத் தடையின்றி விரும்பும் நலமே சுதந்திரம். கால் முறிந்தவன் நடக்க விரும்பலாம், மருத்துவன் வேண்டும். அருள் அந்த மருத்துவனைப் போன்றது. அது மனிதனைக் கட்டியிழுத்துச் செல்வதில்லை. விரும்பும் ஆற்றலையே குணப்படுத்துகிறது.

இக்கொள்கையின் கடினமான பகுதி அடுத்து வருகிறது. அந்த அருள் எல்லோருக்கும் ஏன் கிட்டவில்லை? இறைவன் சிலரைத் தேர்ந்தெடுத்தான். ஏனையோரை அவர்கள் பாவத்திலேயே விட்டான். காரணம் நம் அறிவுக்கு எட்டாதது என்று அகுஸ்தீன் கூறினார். ஈண்டுதான் சூஸா நகரத்து மடம் கலங்கியது.

ஹத்ருமேத்தும் என்று அன்று பெயர் பெற்றிருந்த அவ்வூரின் துறவிகளுள் புளோருஸ் என்பவர், அகுஸ்தீனின் கடிதம் ஒன்றைப் பிரதி செய்து மடத்திற்கு அனுப்பினார். அதைப் படித்தவர்களுள் சிலர் திகைத்தனர். எல்லாம் அருளே எனில், இறுதி நாளில் செயலுக்குத் தக்க கூலி என்பதற்குப் பொருள் என்ன? தலைவர் எங்களைக் கண்டிப்பானேன்? அருள் கிட்டும்படி எங்களுக்காகப் பிரார்த்தனை செய்தால் போதாதா? என் பின்வரிசை மாணவன் கேட்டதற்கும் இதற்கும் வேறுபாடு யாது? 426-ஐ ஒட்டி அம்மடத்து இளைஞர் இருவர் ஹிப்போவுக்கு வந்து முதிய ஆயரிடம் முறையிட்டனர்.

அகுஸ்தீன் அவர்களைக் கடிந்து கொள்ளவில்லை. தங்கச் செய்து பாடம் சொன்னார். இரண்டு நூல்களை எழுதிக் கொடுத்தார். கண்டிப்பும் அருள் வந்து சேரும் வழிகளுள் ஒன்று என்பது அவர் விடையின் சாரம். யார் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பது நமக்குத் தெரியாது. ஆகவே எவரையும் கைவிட நமக்கு அனுமதி இல்லை. எல்லோரையும் திருத்த முயல வேண்டும். வினாவின் முடிச்சு இதனால் அவிழ்ந்ததா என்பதை அறிஞர்கள் ஆயட்டும். ஆயினும் ஓர் ஆசிரியன் என்ற முறையில், கேள்வி கேட்டவனைப் பக்கத்தில் அமர்த்தி விடை சொன்ன அப்பண்பினை நான் மதிக்கிறேன்.

கைக்குழந்தைகளின் கதி

அகுஸ்தீனின் முதுமையில் அவரை மிகவும் துன்புறுத்திய எதிரி, பதவி இழந்த பதினெண்மருள் ஒருவரான ஜூலியான். இளைஞர், கூரிய அறிவினர். அவர் எழுப்பிய வினா நெஞ்சைத் தைப்பது. பாவம் பிறப்பிலேயே வருகிறது என்றால், ஞானஸ்நானம் பெறுமுன் இறக்கும் கைக்குழந்தையின் கதி என்ன? தண்டனை என்றால், எதுவும் செய்யாத சிசுவைத் தண்டிப்பது நீதியா? நீதியற்றதை இறைவன்மேல் ஏற்றுவதா? அகுஸ்தீன் தம் கொள்கையிலிருந்து பின்வாங்கவில்லை. அக்குழந்தைகளுக்கும் தண்டனை உண்டு, ஆனால் மிக மிக மென்மையானது என்றார்.

ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ரத் என்னும் தூய இயல்பிலேயே பிறக்கிறது என்று கற்று வளர்ந்த நமக்கு இவ்விடை கசக்கிறது. ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்பது நம் நம்பிக்கையின் அடித்தளம். எனவே இவ்விடயத்தில் நம் உள்ளம் ஜூலியானின் பக்கமே சாய்கிறது. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இந்தக் கசப்பைக் கிறிஸ்தவர்களும் உணர்ந்தார்கள். இடைக்கால அறிஞர்கள் அக்குழந்தைகளுக்குத் துன்பமில்லாத தனியிடம் ஒன்று உண்டென்றனர். 2007-ஆம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபையின் பன்னாட்டு இறையியல் ஆணையம், ஞானஸ்நானமின்றி இறக்கும் குழந்தைகளும் மீட்சி பெறுவர் என்று நம்புவதற்குத் தக்க காரணங்கள் உண்டென ஓர் ஆவணம் வெளியிட்டது. ஒரு தாயின் கண்ணீருக்கு முன்னால் ஒரு தருக்கம் தன்னைத் திருத்திக்கொள்ள ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் ஆயின.

ஷாம் நாட்டில் நம் முன்னோர் கண்ட கிறிஸ்தவம்

இதுவரை கூறியது லத்தீன் மொழி வழங்கிய மேற்கு உலகின் கதை. கிரேக்கமும் சுர்யானியும் பேசிய கிழக்கில் அகுஸ்தீனின் நூல்கள் பெரும்பாலும் எட்டவே இல்லை. அங்கு மனிதனின் தேர்வுரிமை சமய போதனையின் அடிப்படைகளுள் ஒன்றாகவே விளங்கிற்று. நம் முன்னோர் ஷாமில் குடியேறியபோது அவர்கள் சந்தித்தது இந்தக் கிறிஸ்தவத்தையே.

திமிஷ்கு நகரில் உமைய்யா ஆட்சியில் நிதித்துறைப் பொறுப்பு வகித்த சர்ஜூன் இப்னு மன்சூரின் குடும்பம் வரலாற்றில் புகழ் பெற்றது. அக்குடும்பத்தில் பிறந்தவரே கிறிஸ்தவ உலகம் போற்றும் திமிஷ்கு யோவான். பிற்காலத்தில் பைத்துல் முகத்தஸை அடுத்த மார் ஸாபா மடத்தில் துறவியாக வாழ்ந்தவர். தம் பெருநூலில் மனித விருப்பத்திற்குத் தனி அத்தியாயங்கள் ஒதுக்கினார். இறைவன் அனைத்தையும் முன்னறிகிறான். ஆனால் அனைத்தையும் முன்விதிப்பதில்லை. நம் ஆளுகைக்கு உட்பட்ட செயல்களை நம்மிடமே விட்டிருக்கிறான் என்பது அவர் கொள்கை. முஸ்லிம் ஒருவரும் கிறிஸ்தவர் ஒருவரும் உரையாடுவதாக அவர் பெயரால் வழங்கும் கிரேக்க நூல் ஒன்றின் முதல் வினாவே, நன்மைக்கும் தீமைக்கும் காரணர் யார் என்பதுதான். பின்வந்த ஹர்ரான் ஆயர் தியோதூர் அபூ குர்ரா, மனித சுதந்திரம் பற்றி அரபு மொழியிலேயே நூல் எழுதினார்.

அக்காலத்தில்தான் நம்மிடையேயும் மஃபத் அல் ஜுஹனி, கைலான் அத் திமிஷ்கி ஆகியோர் கத்ரைப் பற்றிப் பேசத் தொடங்கினர். இராக்கைச் சேர்ந்த ஸவ்ஸன் என்னும் கிறிஸ்தவரிடமிருந்தே மஃபத் இப்பேச்சைக் கற்றார் என்று இமாம் அவ்ஸாயீ (ரஹ்) வாயிலாக ஒரு செய்தி வருகிறது. அண்டை வீட்டார் உரையாடும்போது கருத்துகள் சுவர் தாண்டுவது இயல்பே. ஆயினும் இக்கேள்வி இரவல் வாங்கித்தான் வரவேண்டும் என்பதில்லை. ஒரே இறைவன், அவன் யாவும் வல்லவன், அவன் நீதியாளன் என்று நம்பும் சமயம் எதுவாயினும், இவ்வினா அதன் வாசலில் வந்து நின்றே தீரும். மனிதன் முற்றிலும் சுதந்திரன் என்றால் இறைவனின் வல்லமை குறைவதுபோல் தோன்றும். முற்றிலும் கட்டுண்டவன் என்றால் அவன் நீதி குறைவதுபோல் தோன்றும். நம் இமாம் அபுல் ஹஸன் அல் அஷ்அரீ (ரஹ்) செயலைப் படைப்பவன் அல்லாஹ், அதனை ஈட்டிக்கொள்பவன் அடியான் என்று 'கஸ்பு' என்னும் சொல்லால் இவ்விரு முனைகளையும் இணைக்க முயன்றதும் இதனாலேயே.

மீண்டும் மீண்டும் எழுந்த வழக்கு

மேற்கில் வழக்கு முடிந்தபாடில்லை. 529-இல் தென் பிரான்சின் ஓராஞ்சு நகரில் கூடிய சங்கம் ஒரு நடுவழியை வகுத்தது. நன்மையின் தொடக்கமும் அருளாலேயே என்று அகுஸ்தீனை ஏற்றது. தீமைக்கென்று இறைவன் எவரையும் விதித்தான் என்பதை வன்மையாக விலக்கிற்று.

ஒன்பதாம் நூற்றாண்டில் கோட்ஷால்க் என்றொரு துறவி தோன்றினார். சிறு வயதிலேயே தந்தை அவரை மடத்திற்கு நேர்ந்துவிட்டார். வளர்ந்தபின், என் சம்மதமின்றி நான் துறவியாக்கப்பட்டேன், என்னை விடுவியுங்கள் என்று 829-இல் மைன்ஸ் நகரச் சங்கத்தின்முன் முறையிட்டார். மடத்தின் தலைவர் அதனை எதிர்த்தார், துறவு நீங்கவில்லை. தம் வாழ்வைத் தாமே தேர்ந்துகொள்ள அனுமதி பெறாத அம்மனிதர், சுவர்க்கத்திற்கு உரியோரும் நரகத்திற்கு உரியோரும் முன்னரே விதிக்கப்பட்டுவிட்டனர் என்று பின்னாளில் போதித்தார். 849-இல் அவரைச் சாட்டையால் அடித்து, தம் எழுத்துகளைத் தாமே நெருப்பிலிடச் செய்து, இறக்கும்வரை சிறை வைத்தனர். அவர் கொள்கை பிழையாகவே இருக்கட்டும். மனிதனுக்குத் தேர்வுரிமை உண்டு என்பதை ஒருவனுக்கு உணர்த்தும் வழி சாட்டைதானா?

1524-இல் ஹாலந்து அறிஞர் எராஸ்முஸ் மனித விருப்பத்தை ஆதரித்து நூல் எழுத, மறுஆண்டு மார்ட்டின் லூதர் அவ்விருப்பம் அடிமைப்பட்டது என்று கடுமையாக மறுத்தார். உலகியல் செயல்களில் மனிதனுக்குத் தேர்வு உண்டென லூதரும் ஒப்பினார். மீட்சியைப் பொறுத்தே அவன் கையில் ஒன்றுமில்லை என்றார். 1547-இல் திரெந்து நகரில் கூடிய கத்தோலிக்கச் சங்கம், ஆதமின் வீழ்ச்சியால் மனித விருப்பம் வலுக்குன்றியதே தவிர அழிந்துவிடவில்லை என்றும், அருளோடு அது ஒத்துழைக்கவும் மறுக்கவும் கூடும் என்றும் அறுதியிட்டது.

கால்வின் வழியினரிடையே வழக்கு ஹாலந்தில் வெடித்தது. லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அர்மினியுஸ் 1609-இல் இறந்தபின், அருளை ஏற்கவும் மறுக்கவும் மனிதனுக்கு இயலும் என்ற அவர் கருத்தினரை டோர்ட் நகரச் சங்கம் 1618-19-இல் கண்டித்தது. இக்கருத்தினருக்குப் புகலிடமாக இருந்த முதிய அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட் 1619 மே மாதம் துரோகக் குற்றம் சாட்டப்பட்டுத் தலை வெட்டப்பட்டார். ஆயுள் சிறை பெற்ற சட்ட அறிஞர் குரோஷியுஸ், 1621-இல் புத்தகப் பெட்டி ஒன்றினுள் ஒளிந்து சிறையிலிருந்து தப்பினார். இதற்கு மாறான நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. கத்தோலிக்கரிடையே யேசு சபையாருக்கும் தோமினிக் சபையாருக்கும் இதே வினாவில் மூண்ட சண்டையைப் பல்லாண்டு விசாரித்த உரோமாபுரி, 1607-இல் எத்தரப்புக்கும் தீர்ப்புக் கூறாமல், ஒருவர் மற்றவரைத் தவறான கொள்கையினர் என்று தூற்றக்கூடாது என ஆணையிட்டு முடித்துவிட்டது. இந்நெடிய வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இதுவே. 1999 அக்டோபர் 31-ஆம் நாள் ஜெர்மனியின் அவுக்ஸ்புர்கு நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும், மனிதன் அருளாலேயே இறைவன் முன் நீதிமானாக்கப்படுகிறான் என்பதில் அடிப்படை உடன்பாடு கண்டு கையொப்பமிட்டனர்.

நமக்குரிய பாடம்

அகுஸ்தீனின் வாழ்வில் ஒரு முரண்பாடு உண்டு. எவரையும் வற்புறுத்தி ஒற்றுமைக்குள் கொண்டுவரக் கூடாது என்று முதலில் கருதியவர், தம் நாட்டில் பிரிந்து நின்ற தொனாத்து பிரிவினரை அரசாங்க வன்மையால் அடக்குவது தகும் என்று பின்னர் எழுதினார். அவர் கொடுத்த அச்சாவியை அடுத்த நூற்றாண்டுகளில் பலர் எடுத்துப் பயன்படுத்தினர்.

ஆனால் இதனைப் படித்துவிட்டு நாம் தலை நிமிர்ந்து கொள்ள இடமில்லை. நம் கைலான் கலீஃபா ஹிஷாமின் காலத்தில் கொலைத் தண்டனை பெற்றார். மனிதன் தன் செயலுக்குத் தானே கர்த்தா என்று உரத்துக் கூறிய முஃதஸிலாக்கள், ஹிஜ்ரி 218-இல் தொடங்கிய மிஹ்னா என்னும் சோதனைக் காலத்தில் அரசாங்கத்தின் பக்கம் நின்றனர்; வேறொரு கொள்கை வினாவில் அவர்களோடு உடன்படாத இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) கசையடி பட்டார். அருளின் தலைமையைப் பேசியவரும் வன்முறையை ஆதரித்தார். மனித சுதந்திரத்தைப் பேசியவரும் ஆதரித்தனர். கொள்கை எதுவாயினும் அதிகாரம் கைக்கு வந்ததும் மனிதன் பிறன் விருப்பத்தை மதிக்க மறந்துவிடுகிறான். விருப்பத்தின் எல்லையைப் பற்றி வரலாறு கூறும் சான்றுகளுள் இதனினும் துயரமானது வேறில்லை.

இந்நெடிய வழக்கில் இரு தரப்பாரும் நம் உள்ளத்துக்குள்ளேயே வாழ்கின்றனர் என்று எனக்குத் தோன்றுகிறது. கடமையைத் தள்ளிப் போடும்போது நமக்குப் பெலாஜியுஸின் குரல் தேவை: உன்னால் இயலும், எழுந்திரு. எழுந்து சில நன்மைகளைச் செய்துவிட்டுச் செருக்கடையும்போது அகுஸ்தீனின் குரல் தேவை: இதுவும் உனக்குத் தரப்பட்டதே. நம் பெரியோர் தவ்ஃபீக் என்று சொல்வதன் சுவையும் இதுவே. ஆனால் நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். நம் பிழைக்கு விதியைக் காரணம் காட்டுகிறோம். அயலான் பிழைக்கு அவனையே குற்றவாளியாக்குகிறோம்.

இப்பொழுதெல்லாம் பின்வரிசையில் அக்கை உயரும்போது நான் சினப்பதில்லை. "தம்பி, பாடம் படிக்காததற்கு மட்டும் ஏற்பாட்டைக் காரணம் சொல்கிறாய். நேற்று மாலை பந்து விளையாட ஓடினாயே, அப்போது ஏற்பாட்டுக்காகக் காத்திருந்தாயா?" என்று கேட்பேன். வகுப்பு சிரிக்கும், அவனும் சிரிப்பான். பிறகு அவனைப் பக்கத்தில் அழைத்து அமர்த்திக்கொண்டு, நீ கேட்டது பெரிய கேள்வி, இதனை உனக்கு முன்னரே பலர் கேட்டிருக்கிறார்கள் என்று தொடங்குவேன். சூஸா நகரத்து இளந்துறவிகளின் கதையும் அப்போது சில வேளைகளில் வரும்.

முழு அறிவும் அல்லாஹ்வுக்கே உரியது.